கோப்பில் ஒரு தையல்சிட்டு

அந்த ஊரில் மனிதர்களும் மற்ற உயிர்களும் ரொம்பக் காலமாக ஒற்றுமையாக இருந்தார்கள். ஒற்றுமை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. காக்கை கத்தினால் கத்திவிட்டுப் போகட்டும் என்று விட்டார்கள். மழைக்காலத்தில் தவளை வாசற்படி ஏறினால் துடைப்பத்தால் மெல்லத் தள்ளிவிட்டார்கள். வெயில் காலத்தில் மாடிச் சுவரில் ஒரு சட்டியில் தண்ணீர் வைத்தார்கள். மறந்துபோன நாளில் வைக்கவில்லை. இதற்கெல்லாம் யாரும் யாரிடமும் கையெழுத்து வாங்கவில்லை.

இப்படி எந்த ஆதாரமும் இல்லாமல் ஓர் ஊரே ஒற்றுமையாக இருப்பதைக் கண்டு மேலிடத்துக்கு மனம் பொறுக்கவில்லை. அக்கம்பக்க உயிரின நல்லிணக்க அலுவலகம் என்று ஒன்றைத் திறந்துவிட்டார்கள். நாலு மாடிக் கட்டடம். புறா நுழையாமலிருக்க ஜன்னலுக்கெல்லாம் கம்பி வலை. காக்கை உட்காராமலிருக்கக் கைப்பிடிச் சுவர் முழுக்க ஆணி. வாசலில் மூன்று பெரிய மரங்கள் நின்றன; பெயர்ப்பலகையை மறைக்கின்றன என்று அவற்றை வெட்டிப் போட்டார்கள்.

திறப்பு விழாவில் இயக்குநர் பேசினார். "இந்த அலுவலகம் எல்லா உயிரையும் நேசிக்கிறது. நான் சின்ன வயதில் ஒரு முயல் வளர்த்தேன். அந்த முயலின் ருசி இன்றுவரை என் நாக்கில் இருக்கிறது" என்றார். கூட்டம் கைதட்டியது. ஏன் தட்டினோம் என்று வீட்டுக்குப் போன பிறகு சிலர் யோசித்தார்கள்.

விழாவுக்கு மறுநாள் வீடு வீடாகப் படிவம் வந்தது. அந்தப் படிவம் ஊசியின் வீட்டுக்கும் வந்ததுதான் வினை.

ஊசி என்பது தெரு வைத்த பெயர். ஆளும் ஒல்லி, தொழிலும் தையல், அதோடு இருக்கும் இடம் தெரியாத சுபாவம். வந்தவர்களிடம் அளவு கேட்பாள், என்றைக்கு வேண்டும் என்று கேட்பாள், அதோடு சரி. மூன்றாவதாக ஒரு வாக்கியம் பேச வேண்டி வந்தால் முகம் சிவந்து, கழுத்தில் தொங்கும் அளவு நாடாவை விரலில் சுற்ற ஆரம்பித்துவிடுவாள். அவளுக்கும் சேர்த்துப் பேசுவதற்கு அவளுடைய அக்கா இருந்தாள். அக்கா கீழே தெருவைப் பார்த்த அறையில் இஸ்திரி போடுகிறவள். அவள் வாயும் இஸ்திரிப் பெட்டியும் ஒரே சூடு.

ஊசி மாடி அறையில் தைத்தாள். எட்டுக்குப் பத்து அறை. ஒரே ஜன்னல். ஜன்னலடியில் மிஷின். ஜன்னலுக்கு மேலே காற்றுக்காக விட்ட சின்ன ஓட்டையில் ஓர் அணில் மூன்று வருடமாகக் குடியிருந்தது. வெயில் காலத்தில் அது ஜன்னல் கட்டையில் வயிற்றை அப்பிக்கொண்டு நாலு காலையும் பரப்பிப் படுத்திருக்கும். மழை வருவதற்கு முன்னால் கீழே விழுந்த நூல் பிசிறையும் லைனிங் துண்டையும் வாயில் அள்ளிக்கொண்டு போய்க் கூட்டில் திணிக்கும். குளிர்காலத்தில் மிஷின் உறைமேல் வெயில் விழும் இடம் அதற்கு. அது குட்டி போட்டிருக்கும் நாட்களில் ஊசி மோட்டாரை அணைத்துவிட்டுக் காலால் மிதித்துத் தைப்பாள். இரண்டு பேரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. இருவருக்குமே பேச்சு வராது.

படிவத்தில், 'உங்கள் வீட்டில் வசிக்கும் உயிரினம்' என்று கேட்டிருந்தது. ஊசி பேனாவை இரண்டு தடவை உதறிவிட்டு, நேர்மையாக, அழகான எழுத்தில், 'அணில்பிள்ளை' என்று எழுதினாள். தொழில் என்ற இடத்தில் 'தையல்' என்று எழுதினாள். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

இருபது நாள் கழித்துப் பதில் கடிதம் வந்தது. அக்காதான் பிரித்துப் படித்தாள்.

"தங்கள் முகவரியில் வசிக்கும் பிள்ளை அணில் என்பவருக்கும், அதே முகவரியில் கூடு கட்டியுள்ள தையல்சிட்டுக்கும் இடையே நிலவும் நல்லிணக்கம் பதிவு செய்யப்பட்டது. இருவருக்கும் வாழ்த்துகள்."

அக்கா கடிதத்தை மடித்தாள். பிறகு பிரித்து மறுபடி படித்தாள்.

"ஏண்டி, யாருடி இந்த அணிலு? எனக்குத் தெரியாம எப்படி பிள்ளை பெத்த? மூணு வேளையும் நான்தானே உனக்குச் சோறு போடுறேன்!"

"அக்கா, அது நம்ம அணில்பிள்ளை."

"அது சரி, இந்தச் சிட்டு யாரு?"

ஊசி அளவு நாடாவை விரலில் சுற்றினாள். "நான்தான் போல."

அக்கா இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டுத் தங்கையைக் கையோடு இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள்.

பதிவு எழுத்தர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். எதிரே நிற்பவர்கள் முகத்தைப் பார்ப்பது அந்த அலுவலகத்தில் வழக்கமில்லை.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு? பிள்ளை இருக்குன்னு எழுதியிருக்கீங்க. பிள்ளைய பிள்ளைங்க பத்தியில போட்டேன். உயிரினம் பத்தி காலியாப் போச்சு. காலியா விட்டா கம்ப்யூட்டர் மேல நகராது. கீழ பார்த்தா தையல்னு இருந்துச்சு. தையல்னு அடிச்சதும் தையல்சிட்டுன்னு அதுவா வந்து நின்னுச்சு. அது நம்மள விடப் படிச்சதும்மா."

"சார், அணில்பிள்ளைன்னா அணிலு சார். மரத்துல ஓடுமே, வாலோட!" என்றாள் அக்கா.

"அப்ப எதுக்குப் பிள்ளைன்னு எழுதுனீங்க? நாளைக்குக் கீரிப்பிள்ளைன்னு எழுதுவீங்க, தென்னம்பிள்ளைன்னு எழுதுவீங்க. எல்லாத்தையும் நான் பள்ளிக்கூடத்துல சேர்த்துக்கிட்டே இருக்கணுமா?"

"சரி, எங்க தப்புதான். திருத்திக் குடுங்க."

"திருத்தலாமே. திருத்தப் பிரிவுன்னே ஒண்ணு இருக்கு. ஆனா அந்த வீட்டுல இருக்கிற மனுஷர் மனு குடுக்கணும்." எழுத்தர் திரையைத் தொட்டுக் காட்டினார். "மனுஷர் அணில். இவங்க பறவை. பறவைகிட்ட மனு வாங்க எனக்கு அதிகாரம் இல்ல."

"நான் இவளோட கூடப் பிறந்த அக்கா. நான் மனுஷிதானே? நான் குடுக்குறேன்."

"பறவைக்குக் கூடப் பிறந்தவங்களா?" எழுத்தர் முதல் தடவையாக ஆர்வமாகி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். "அப்ப ரெண்டாவது சிட்டா உங்களையும்..."

"ஐயய்யோ! நான் யாரும் இல்ல சார். சும்மா வழியில பார்த்தேன், கூட வந்தேன்" என்று அக்கா பின்வாங்கினாள். வாழ்க்கையில் அவள் பின்வாங்கியது அதுதான் முதல் தடவை.

மழை தொடங்கிய வாரத்தில் கள அலுவலர் வந்தார். ரப்பர் பூட்ஸ், தொப்பி, கழுத்தில் தொலைநோக்கி. மாடிப்படி ஏறி வந்து, மூன்றடி தூரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஊசியைத் தொலைநோக்கி வைத்துப் பார்த்தார். அவள் மூக்கு மட்டும் தெரிந்திருக்கும். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, சட்டைப் பையிலிருந்த ஒலிப்பதிவுக் கருவியில் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"பறவை கூட்டில் உள்ளது. கூடு எட்டுக்குப் பத்து. மின்விசிறி ஒன்று. பறவை இலைக்குப் பதிலாகத் துணியைத் தைக்கிறது. காலர்கூட வைக்கிறது. அரிய நடத்தை."

"சார்," என்றாள் ஊசி.

"மனிதரைக் கண்டு அஞ்சவில்லை," என்று கருவியிடம் சொன்னார்.

"உக்காருங்க சார்."

"அடிக்கடி கீச்சிடுகிறது."

அந்த நேரம் பார்த்து அணில் ஓட்டையிலிருந்து இறங்கி, ஜன்னல் கம்பியில் ஓடி, மேஜையில் கிடந்த நூல் கண்டுமேல் உட்கார்ந்து அவரைப் பார்த்தது. கள அலுவலர் நாற்காலிமேல் ஏறிவிட்டார்.

"என்னம்மா இது! எலி மாதிரி ஒண்ணு ஓடுது! பிள்ளை இருக்கிற அறையில இதெல்லாம் விடலாமா? கடிச்சு வெச்சா யார் பொறுப்பு?"

"சார், அதுதான் அணில்."

"அணில் எங்க? கூப்பிடுங்க, பார்க்கணும்."

"இதுதான் சார்."

அவர் நாற்காலியில் நின்றபடியே அவளை இரக்கத்தோடு பார்த்தார். பறவையிடம் போய்க் கேட்டோமே என்று அவருக்கே வெட்கமாகியிருக்க வேண்டும். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு சின்னச் சொற்பொழிவு நிகழ்த்தினார்: "பன்னிரண்டு வருஷமா இந்த வேலையில இருக்கேன். இதுவரைக்கும் ஒரு மிருகம் என் பக்கத்துல வந்ததில்ல. அந்த அளவுக்கு அதுங்களுக்கு என்மேல மரியாதை."

மறுநாளே இரண்டு பேர் ஏணியோடு வந்து, பிள்ளை அணிலின் பாதுகாப்புக்காக அணிலின் கூட்டைக் குச்சியால் குத்திக் கீழே தள்ளிவிட்டு, ஓட்டையை நைலான் வலையால் அடைத்துவிட்டுப் போனார்கள். மூன்று வருட நூல் பிசிறு, வெள்ளை, நீலம், சிவப்பு எல்லாம், தரையில் ஒரு பந்தாகக் கிடந்தது. நல்ல வேளை, குட்டி இல்லை. அணில் ஜன்னல் கம்பியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அன்று மாலை வரை திட்டியது. அவ்வளவு சரளமாகத் தன்னால் திட்ட முடியவில்லையே என்று ஊசிக்குப் பொறாமையாக இருந்தது. விளக்கு போடுவதற்குள் அவள் ஸ்டூல்மேல் ஏறி, வலையின் ஒரு மூலையைக் கத்தரியால் வெட்டி, பிரிந்துவிடாமல் ஓரம் மடித்துத் தைத்து, ஒரு சின்னத் திரைபோலத் தொங்கவிட்டாள். தரையில் கிடந்த பந்தை உள்ளே தள்ளிவைத்தாள். மூன்றாம் நாள் அணில் உள்ளே போனது.

அலுவலகம் அதோடு விடவில்லை. அது எதையும் அதோடு விடும் அலுவலகம் அல்ல. குளிர் தொடங்கியதும் ஊசிக்கு ஓர் அறிவிப்பு வந்தது. 'குளிர்காலத்தில் பறவைகள் வலசை செல்வது முறை. தாங்கள் இன்னும் புறப்பட்டதாகத் தெரியவில்லை. ஏழு நாட்களுக்குள் புறப்படவும், அல்லது காரணம் கூறவும்.'

அக்கா அதன் பின்பக்கத்திலேயே எழுதி அனுப்பினாள்: 'பதினாலு ரவிக்கை பாக்கி இருக்கு. முடிச்சிட்டுப் போறோம்.'

'விளக்கம் ஏற்கப்பட்டது' என்று பதில் வந்தது.

அணிலுக்கும் கடிதங்கள் வந்தன. அவனுக்கு நாலு வயதாகிவிட்டதாக அலுவலகமே கணக்கிட்டு, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பெயரைச் சேர்த்துவிட்டது. பெயர் இருந்தும் பிள்ளை வரவில்லை என்றால் மேலிடத்தில் கேள்வி வரும் என்று பள்ளிக்கூடம் தினமும் வந்ததாகப் போட்டுக்கொண்டது. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் மதிப்பெண் அட்டை வந்தது. ஓட்டம்: மிகச் சிறப்பு. மரம் ஏறுதல்: கேட்கப்படவில்லை. பேச்சு: முன்னேற வேண்டும். வகுப்பில் மூன்றாம் இடம்.

"பரவாயில்லையே, நம்ம குடும்பத்துல இவ்வளவு படிச்ச பிள்ளை கிடையாது" என்று அக்கா அந்த அட்டையை இஸ்திரி போட்டு வைத்தாள். இந்தச் சிரிப்பெல்லாம் அந்த மாதத்தோடு போயிற்று.

குளிர் விட்டு இலை துளிர்க்கும் சமயத்தில் அணில் மூன்று குட்டி போட்டது. ஊசி மோட்டாரை அணைத்துவிட்டுக் காலால் மிதிக்க ஆரம்பித்தாள். வலைத் திரைக்கு உள்ளேயிருந்து ஊசிமுனை அளவுக்கு ஒரு சத்தம் வரும். அந்த நேரம் அவள் மிதிப்பதையும் நிறுத்திவிடுவாள். குட்டிகளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை.

அந்த வாரம்தான் விசாரணைக்கு அழைப்பு வந்தது. பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளை, காட்டுப் பறவை ஒன்றோடு ஒரே அறையில் வசிப்பது பிள்ளையின் உடல்நலத்துக்கு ஆகாது. ஆகவே பறவையை அலுவலகத்தின் நல்லிணக்கத் தோட்டத்துக்கு இடம் மாற்றி, பிள்ளையின் நலம் கருதி அறையைக் காற்றுகூடப் புகாமல் அடைத்து, வெள்ளையடித்து, பூட்டி, சாவியை அணிலிடம் ஒப்படைக்க அலுவலகம் உத்தேசித்திருக்கிறது. ஆட்சேபம் இருந்தால் நேரில் வரவும்.

"காத்துகூடப் புகாமயா?" என்றாள் ஊசி. அவள் மாடியை நிமிர்ந்து பார்த்தாள்.

"வா, போய் ஒரு கை பார்த்துடலாம்" என்றாள் அக்கா.

விசாரணை மன்றம் குளுகுளுவென்று இருந்தது. மேடையில் இயக்குநர், அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு மானின் படம். அந்த மானுக்கு மட்டும்தான் அந்தக் கட்டடத்துக்குள் அனுமதி. விருந்தினர்களாக மற்ற அலுவலகங்களிலிருந்து முப்பது பேர் வந்திருந்தார்கள். அக்காவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். வழியில் பார்த்துக் கூட வந்தவர் என்று போன தடவை அவள் சொன்னது கோப்பில் இருந்தது. ஊசி தனியாகப் போய் நின்றாள்.

இயக்குநர் எழுந்தார். "நல்லிணக்கம் என்றால் என்ன? பலர் என்னைக் கேட்கிறார்கள். ஒருவர் இருக்கும் இடத்தில் இன்னொருவர் இல்லாமலிருப்பதுதான் நல்லிணக்கம். இந்த அலுவலகம் வருவதற்கு முன்னால் இந்த ஊரில் எல்லோரும் எல்லா இடத்திலும் இருந்தார்கள். என்ன குழப்பம்! ஒரு வருடத்தில் நாற்பத்தோரு குளவிக் கூடுகளை அமைதியாக எரித்திருக்கிறோம். இருநூறு புறாக்களுக்கு விடுதலை அளித்திருக்கிறோம். எதிலிருந்து என்று கேட்காதீர்கள். நமது தோட்டத்தைப் பாருங்கள். சிமெண்டுத் தரைக்குப் பச்சை வண்ணம் அடித்திருக்கிறோம். இலை உதிராத பிளாஸ்டிக் மரங்கள் நட்டிருக்கிறோம். அங்கே எந்த விலங்கும் எந்த விலங்கோடும் சண்டையிடுவதில்லை. ஏனென்றால் அங்கே எந்த விலங்கும் இல்லை. முதல் குடியாக இந்தத் தையல்சிட்டு வரப்போகிறது."

கைதட்டல் ஓய்ந்ததும் அவர் ஊசியைப் பார்த்துப் புன்னகைத்தார். "பறவை ஏதாவது சொல்ல விரும்பினால் சொல்லலாம்."

ஊசிக்கு முகம் சிவந்தது. விரல் நாடாவைத் தேடியது. நாடாவை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தாள். விரலில் சுற்ற ஒன்றுமில்லாமல் போனதாலோ என்னவோ, வாய் திறந்துவிட்டது.

"சார், நான் பறவை இல்ல. மனுஷி. உங்களுக்கு எதிர்ல நிக்கிறேன், கண்ணு தெரியுதுல்ல? தொலைநோக்கி வெச்சுப் பார்க்க வேண்டாம், சும்மா பார்த்தாலே தெரியும். நானும் அந்த அணிலும் மூணு வருஷமா ஒரே ஜன்னல்ல இருக்கோம். அதுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும். ஒண்ணும் வேணாம் சார் அதுக்கு. எங்கள சும்மா விட்டாப் போதும். நீங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவகூட அதோட கூடு கீழ விழுந்ததில்ல. இப்ப மூணு குட்டி இருக்கு, கண்ணு திறக்கல. நீங்க அறைய அடைச்சா உள்ளயே செத்துப்போகும். அதுக்குப் பேரு இணக்கமா? மரத்த வெட்டிட்டு மானுக்குப் படம் மாட்டி வெச்சிருக்கீங்க. உங்களுக்கு வெக்கமா இல்லையா?"

பிறந்ததிலிருந்து அவள் பேசியதெல்லாம் சேர்த்தால்கூட அவ்வளவு தேறாது. குரல் நடுங்கியது, ஆனால் கடைசி வார்த்தை வரை நின்றது.

பதிவு எழுத்தர் பேனாவைத் தூக்கினார். "எப்படிப் போடுறது சார்?"

"பறவை கூவியது என்று போடுங்கள்."

"இனிமையாவா சார்?"

இயக்குநர் கொஞ்சம் யோசித்தார். "இனிமையாக. நீண்ட நேரம்."

விருந்தினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பறவை மகிழ்ச்சியாகக் கூவியதால் இடமாற்றத்துக்கு அதற்குச் சம்மதம் என்று தீர்ப்பு எழுதினார்கள்.

ஊசி வெளியே வந்ததும் அக்கா கேட்டாள்: "பேசுனியா?"

"பேசுனேன்."

"என்ன சொன்னாங்க?"

"நல்லா பாடுறேன்னாங்க." அதற்குமேல் அவளால் முடியவில்லை. படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். ஆணி அடித்த கைப்பிடிச் சுவர், சாய்ந்துகொள்ளக்கூட இடமில்லை.

இரண்டு நாளில் ஊழியர்கள் இருவர் ஒரு கூண்டோடு வந்தார்கள். கிளி வளர்க்கும் கூண்டு. அதன் சின்னக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "உள்ள வாங்கம்மா" என்றார் மூத்தவர்.

"எப்படிண்ணே?"

"கொஞ்சம் மடங்கிப் பாருங்களேன். எங்களுக்கும் இன்னும் நாலு இடம் போகணும்."

ஊசி முழங்கை வரை கையை விட்டுக் காட்டினாள். அதற்குமேல் போகவில்லை. கூடவந்தவர் ஏட்டில், 'பறவை ஓரளவு ஒத்துழைத்தது' என்று எழுதிக்கொண்டார். அதற்குள் அக்கா சூடான இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடியே மாடி ஏறி வந்துவிட்டாள்.

"யோவ்! முதல்ல அதுல உங்க இயக்குநர உக்கார வெச்சுக் காட்டுங்கய்யா. அவரு நுழைஞ்சிட்டா என் தங்கச்சிய நானே அனுப்பி வைக்கிறேன்!"

மூத்தவர் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தார். "எங்க மேல கோவப்பட்டு என்னம்மா பண்றது? குடுத்த கூண்ட எடுத்துட்டு வர்றோம். அளவெடுத்துப் புதுசா செய்யச் சொல்றோம். கூண்டு இல்லாம பறவையத் தொடக்கூடாது, பறவையத் தூக்காம அறையத் தொடக்கூடாது. விதி அப்படி."

புதுக் கூண்டுக்கு அளவெடுக்கக் கள அலுவலரே மறுநாள் காலை வந்தார். கையில் படிவம், கக்கத்தில் துறையின் கையேடு. அணில் இருக்கிறதா என்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு வாசற்படியோடு நின்றுகொண்டார்.

"நீளம், அகலம், எடை. அதிகாரபூர்வமா அளக்கணும்" என்று பையைத் துழாவினார். "டேப் எடுத்துட்டு வரல. இங்க இருக்குமே?"

ஊசி கழுத்திலிருந்த நாடாவை எடுத்தாள். பழக்கதோஷத்தில் அதன் ஒரு முனையைத் தோளில் வைத்து மறுமுனையைக் கீழே விட்டாள். உச்சியிலிருந்து பாதம் வரை அவள் அறுபத்துமூன்று அங்குலம். நாடா பிடிக்காமலே அவளுக்குத் தெரியும். அறுபத்துமூன்று அங்குலத்துக்குக் கூண்டு செய்ய ஒரு பட்டறைக்கு மூன்று நாள் போதும். குட்டிகளுக்குக் கண் திறக்க இன்னும் பத்து நாளாவது ஆகும். அதற்குப் பிறகு ஓடப் பழக வேண்டும்.

"பொய் அளவு சொன்னா பெரிய குற்றம், தெரியும்ல?" என்றார் கள அலுவலர், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

"தெரியும் சார். யாருக்கும் அளவு தப்பாச் சொன்னதில்ல."

"சரி, நீளம்?"

ஊசி நாடாவைத் தோளிலிருந்து எடுத்து, மிஷின் மேஜைமேல் விரித்து, இரண்டு விரலால் ஓர் இடத்தைப் பிடித்தாள். தையல்சிட்டை அவள் பார்த்திருக்கிறாள். பின்பக்கச் செடியில் இலையைச் சுருட்டித் தைத்துக்கொண்டிருக்கும்.

"அஞ்சு அங்குலம்."

அவர் எழுதினார். எழுதிவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். "வால் சேர்த்தா, சேர்க்காமலா?"

"சேர்த்து."

"எடை?"

"ரெண்டு பித்தான் எடை இருக்கும் சார். பெரிய பித்தான்."

அவர் கையேட்டைப் புரட்டினார். தையல்சிட்டு என்ற பக்கத்தைக் கண்டுபிடித்து, விரலை வைத்துப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "அஞ்சு அங்குலம்! அப்படியே இருக்கே! பன்னிரண்டு வருஷத்துல இப்பத்தான் கையேட்டுல இருக்கிறதும் நேர்ல இருக்கிறதும் ஒத்துப்போகுது." மை டப்பாவை நீட்டினார். "பறவை கையெழுத்துப் போடக்கூடாது. கால் வைங்க."

ஊசி மையில் கால் பெருவிரலை ஒற்றி, படிவத்தின் மூலையில் வைத்தாள். மேலே, திரைக்குப் பின்னால் அணில் மூச்சுக் காட்டவில்லை.

அவர் படியிறங்கிப் போனதும் அக்கா மேலே ஓடி வந்தாள். "என்னடி சொன்ன?"

"அளவு."

"என்ன அளவு?"

சொன்னாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு, பாக்கித் துணி மூட்டைமேல் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். "அந்த ஆளு எழுதிக்கிட்டானா?"

"வால் சேர்த்தா, சேர்க்காமலான்னு கேட்டாரு."

அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊசி சிரிக்கவில்லை. காலில் இருந்த மையைத் துண்டுத் துணியால் துடைத்துவிட்டு, சத்தம் வராமல் மிதிக்கத் தொடங்கினாள்.

அவ்வளவு சின்னதாகச் செய்யும் பட்டறையைத் தேடிப் பிடித்து, கூண்டு மழைக்கு முந்தைய வாரம்தான் வந்தது. நல்ல வேலைப்பாடு. உள்ளங்கையில் வைக்கலாம், ஒரு தையல்சிட்டு வாலோடு சௌகரியமாக உட்காரலாம். அதற்குள் குட்டிகளுக்குக் கண் திறந்து, வால் புசுபுசுவென்று வளர்ந்து, மூன்றும் ஜன்னல் கம்பியில் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தன. மூத்த ஊழியர் கூண்டை மேஜைமேல் வைத்துவிட்டு ஊசியைப் பார்த்தார். ஊசி ஆள்காட்டி விரலை உள்ளே விட்டுக் காட்டினாள். அவர் படிவத்தைப் பார்த்தார், அளவைப் பார்த்தார், கால்ரேகையைப் பார்த்தார். கையேட்டோடு ஒத்துப் பார்த்ததாகக் கள அலுவலரின் கையெழுத்து இருந்தது. அளவில் பிழை என்றால் அலுவலகத்தில் பிழை என்றாகிவிடும்; அதை எழுத அங்கே யாருக்கும் அதிகாரம் இல்லை. கோப்பு மூன்று வாரம் மேலே போய், இயக்குநரின் பச்சை மைக் குறிப்போடு கீழே வந்தது:

'கூண்டு மிகச் சரியாக உள்ளது. பிழை பறவையில் இருக்கிறது. பறவையைத் திருத்தப் பிரிவுக்கு அனுப்பவும். திருத்தம் முடியும்வரை பறவையை இருக்கும் இடத்தைவிட்டு அசைக்கக் கூடாது.'